உள்சட்டையும் முழுசா இருக்கணும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. கிடைச்ச ராத்திரிகள்ல ஒரு குட்டி அலமாரி செஞ்சுக்கிட்டு இருந்தேன். 'ப்ரோக்பேக் மவுண்டன்' (2005) படத்தோட கடைசிக் காட்சியில வருமே, அதே அலமாரி.

பார்க்காதவங்களுக்காக: வயோமிங் மலையில ஆடு மேய்க்கப் போன ரெண்டு ஆம்பளைங்களோட இருபது வருஷக் காதல். ஆனி ப்ரூ எழுதின சிறுகதை 1997ல வந்தது. படமா எடுத்த ஆங் லீக்கு 2006ல சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைச்சுது. ஒருத்தன் செத்ததுக்கு அப்புறம் அவன் அலமாரியில ரெண்டு சட்டை ஒரே ஹேங்கர்ல இருக்கும். தன்னோட நீலச் சட்டைக்குள்ள காதலனோட கட்டம் போட்ட சட்டையை ஒளிச்சு வச்சிருப்பான். மத்தவன் அதை எடுத்துட்டு வந்து மாத்தி மாட்டுவான். இப்ப கட்டம் வெளியே, நீலம் உள்ளே. நிஜ சட்டைகள் ரெண்டும் 2006ல இணைய ஏலத்துல ஒரு லட்சம் டாலருக்கு மேல போச்சு. நம்மகிட்ட ஏது அவ்வளவு? :-)

நான் செய்யறது 1:12 அளவு. நிஜத்துல ஒரு அடின்னா இதுல ஒரு அங்குலம். முப்பது அங்குலச் சட்டை ரெண்டரை அங்குலமாகும். சட்டைத்துணி இந்த அளவுல அட்டை மாதிரி விறைச்சு நிக்கும். அதனால நைஞ்சுபோன கைக்குட்டை. கடையில விக்கிற கட்டம் பெருசா தெரியும், அதனால ஸ்கேல் வச்சு பேனாவால கட்டம் வரைஞ்சேன். ஹேங்கர் ஜெம் கிளிப்ல.

சிக்கல் எங்கேன்னா, ஒரு கைக்குள்ள இன்னொரு கை நுழையவே மாட்டேங்குது. குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. உள்சட்டைக்கு காலரும் கை நுனியும் மட்டும் வெட்டி ஒட்டிட்டா போதும். போட்டோவுல யாருக்கும் தெரியாது. நானும் முதல்ல அப்படித்தான் செஞ்சேன்.

செஞ்சு முடிச்சுப் பார்த்தா மனசு ஒப்பல. நம்ம சினிமா ரொம்ப வருஷமா பால்புதுமையினரை இப்படித்தானே காட்டுச்சு? ஒரு நடை, ஒரு கையசைப்பு, ரெண்டு நிமிஷ காமெடி. வெறும் காலரும் கை நுனியும். உள்ளே ஆளே இல்ல. 'சூப்பர் டீலக்ஸ்' (2019) ஷில்பா நம்மை அசைச்சதுக்குக் காரணம், தப்பும் செஞ்சு, அழுது, மகனைக் கொஞ்சுற முழு மனுஷியா இருந்ததுதான். அந்த வேஷத்தை ஒரு திருநங்கையே செஞ்சிருக்கணும்கிறது என் கட்சி. அது தனிப் பதிவு.

நிற்க. நானும் யோக்கியன் இல்ல. 2018 செப்டம்பர் 6, 377 தீர்ப்பு வந்த அன்னிக்கு ஹாஸ்டல் மெஸ் டிவி முன்னாடி கெக்கேபிக்கேன்னு சிரிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். ரூம் மேட்டும் கூடவே சிரிச்சான். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி போன்ல சொன்னான்: "அன்னிக்கு நான் சிரிக்கலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சுடும்டா." நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். அவன்கிட்ட நான் பார்த்ததும் காலரும் கை நுனியும்தான்.

பொம்மை செஞ்சு பாவத்தைக் கழுவ முடியாது, தெரியும். ஆனா பிரிச்சுட்டு மறுபடி தைச்சேன். பதினோரு நாள் ஆச்சு. இப்ப உள்ளே ஒரு முழுச் சட்டை இருக்கு. பாக்கெட் கூட உண்டு.

போட்டோ அனுப்பினேன். "நல்லா இருக்குடா, ஆனா எங்களுக்கு எப்பவும் சாவு வீடுதானா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. அடுத்தது 'ஹார்ட்ஸ்டாப்பர்' (2022) சார்லியோட ட்ரம்ஸ் செட். அதுல யாரும் சாகறதில்ல, ரெண்டு பசங்க காதலிக்கிறாங்க, அவ்வளவுதான். பாட்டில் மூடி சேர்க்க ஆரம்பிச்சாச்சு.

டிஸ்கி: சோடா மூடி வச்சிருக்கிற புண்ணியவான்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன் :-)