அஸ்தம்பட்டி முறுக்கு!

தலைப்பைப் பார்த்ததும் நாக்குல எச்சில் ஊறினா அதுக்கு நான் பொறுப்பில்லை. தட்டுவடை செட்டும் முறுக்கு செட்டும் சேலத்துக்காரங்களுக்கு உசுரு. ஆனா, இந்த வாரம் நம்ம 'கை அழுக்கு' பக்கத்துல வரப்போறது அந்த முறுக்கு இல்லை. கடிச்சா பல்லு போயிடும். இது கம்பி முறுக்கு!

முதல்ல ஒரு உண்மையை ஒப்புக்கிறேன். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். இந்த செமஸ்டர்ல மினி புராஜெக்ட் உண்டு. நாலு பேர் டீம். 'ரெடிமேடா வாங்கிடலாம் மச்சி'ன்னு மூணு பேரும் ஒரே முடிவா இருந்தாங்க. காசு கொடுத்தா மாடல், ரிப்போர்ட், வைவாவுல கேட்கப் போற கேள்விக்குப் பதில் வரைக்கும் பார்சல்! நீங்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பீங்க, இல்லைன்னு சொல்லாதீங்க. நானும் யோக்கியன் இல்லை. என் பங்குப் பணத்தை எடுத்து பர்ஸ்ல வச்சுட்டேன்.

அந்தப் பணம் செலவாகாமப் போனதுக்குக் காரணம் எங்க வீட்டு எவர்சில்வர் அண்டா. அதோட கைப்பிடி கழண்டு போச்சு. 'சும்மாதானே இருக்கே, போய் வெல்டு வச்சுட்டு வா'ன்னு அம்மா விரட்ட, அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி ஒரு சந்துக்குள்ள இருக்கிற பட்டறைக்குப் போனேன். அங்கே ஆர்கான் வெல்டிங் போடுற அண்ணா ஒருத்தர். ('பேரெல்லாம் போடாதீங்க தம்பி, வேலை கெட்டுப் போயிரும்'னு சொல்லிட்டார். அதனால வெறும் 'அண்ணா'தான்.)

அவர் அப்ப ஒரு ஹோட்டல் கிச்சன் ஸ்டாண்டுல மல்லுக்கட்டிட்டு இருந்தார். ரெண்டு காலும் சேர்ற இடத்துல நல்ல இடைவெளி. அதை ரொப்ப 2.4 மில்லிமீட்டர் கம்பி வேணும். கையில இருந்ததோ 1.6 மட்டும்தான். என்ன பண்ணினார் தெரியுமா? ரெண்டு 1.6 கம்பியை எடுத்தார். ஒரு முனையை பெஞ்ச் வைஸ்ல கடிக்க வச்சார். இன்னொரு முனையை ஹேண்ட் டிரில்லோட வாய்ல செருகினார். 'ர்ர்ர்...'னு மெதுவா ஒரு சுத்து. அஞ்சே செகண்ட்ல ஜடை பின்னின மாதிரி ஒரே கம்பி ரெடி!

"ஏங்ண்ணா, இது சரிப்பட்டு வருமா?"

"ஏன் வராது? ரெண்டு 1.6 சேர்ந்தா கிட்டத்தட்ட ஒரு 2.4 தம்பி. வேணும்னா கணக்குப் போட்டுப் பாருங்க. காலேஜுதானே படிக்கிறீங்க?"

சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கால்குலேட்டரை எடுத்தேன். 1.6 கம்பியோட குறுக்கு வெட்டுப் பரப்பு 2.01 சதுர மில்லிமீட்டர். ரெண்டு சேர்ந்தா 4.02. ஒரு 2.4 கம்பிக்கு 4.52. அதாவது 89 சதவிகிதம். பாடப்புத்தகம் பிடிக்காத கை, பத்துக்கு ஒன்பது சரியாச் சொல்லியிருக்கு! அன்னிக்கு ராத்திரி டீம் குரூப்ல மெசேஜ் போட்டேன்: 'புராஜெக்ட் கிடைச்சாச்சு. முறுக்கு சுத்தப் போறோம்.' பதிலுக்கு வந்த வார்த்தைகளை இங்கே அச்சுல போட முடியாது!

ஏழு காசு கணக்கு

தேட ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, அண்ணா டிரில்லுல சுத்துற இதே விஷயத்தை உலகம் சீரியஸா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கு. சீனாவுல ஜியாங்சு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல இதுக்குப் பேரு கேபிள் வகை வெல்டிங் கம்பி. நடுவுல ஒரு இழை, சுத்தி ஆறு இழை, மொத்தம் ஏழு. அதென்ன ஏழு கணக்கு?

பாக்கெட்ல ஒரே அளவு சில்லறை ஏழு இருக்கா? மேசை மேல ஒண்ணை வச்சு, அதைச் சுத்தி மத்ததை நெருக்கமா அடுக்குங்க. கரெக்டா ஆறுதான் உட்காரும். இடிக்காது, இடுக்கும் விழாது. அதனாலதான் ஏழு. (சைடுல ஒரு தகவல்: 1981-ல உற்பத்தியைத் தொடங்கின நம்ம சேலம் உருக்காலையில, எவர்சில்வர் தகட்டுல நாணய வில்லை வெட்டுற வசதியும் உண்டு.)

இப்ப இந்த ஏழு இழை கேபிளையும், அதே வெளி விட்டம் உள்ள ஒற்றைக் கம்பியையும் பக்கத்துல வைங்க. கேபிளுக்கு நடுநடுவே சந்து இருக்கிறதால, உலோகம் ஒன்பதுல ஏழு பங்குதான். அதே கரண்ட் இந்தக் குறைஞ்ச பரப்பு வழியாப் போகணும். நெரிசல் 1.29 மடங்கு. சூடு, கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும்னு படிச்சிருக்கோம் இல்லையா? அப்ப ஒவ்வொரு துளி உலோகத்துக்கும் கிடைக்கிற சூடு சுமார் 1.65 மடங்கு. ஆர்க்கைத் தொடுறதுக்கு முன்னாடியே கம்பி நல்லா சூடாகி, வேகமா உருகுது. கம்பியே மின்வாயா இருக்கிற சிஓடூ வெல்டிங் மாதிரி முறைகளுக்குத்தான் இந்தக் கணக்கு. அண்ணாவோட ஆர்கான்ல ஆர்க் வர்றது டங்ஸ்டன்ல இருந்து. கம்பி சும்மா உருகிக் கலக்குற ஆளுதான். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது (நாங்க முதல் ரெவ்யூவுல குழப்பி வாங்கிக் கட்டிக்கிட்டோம்!).

இன்னொரு வேடிக்கை. கம்பி முறுக்கா இருக்கிறதால, அது கீழே இறங்கி உருக உருக, இழைகளோட முனை வட்டமா சுத்திக்கிட்டே வரும். கூடவே ஆர்க்கும் சுத்தும். ஒரு முறுக்கு 15 மில்லிமீட்டர் நீளம், கம்பி நிமிஷத்துக்கு 3 மீட்டர் இறங்குதுன்னு வைங்க. நிமிஷத்துக்கு 200 சுத்து! மோட்டார் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கனமான தகடுகளை வெல்டு பண்றப்ப நடுவுல உருகிட்டு, ரெண்டு பக்கச் சுவர்லயும் ஒட்டாமப் போறது பெரிய தலைவலி. ஆர்க் சுத்தினா ரெண்டு சுவரையும் தொட்டுட்டு வரும்.

இதெல்லாம் நமக்கு ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. ஒரு பஸ் ஏறினா திருச்சி. பாய்லருக்குப் பேர் போன பி.எச்.இ.எல். அங்கேதான் இருக்கு. அதோட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ல இருந்து நடக்குது. ஒரு பாய்லர்ல எத்தனை ஆயிரம் இணைப்பு இருக்கும், அதுல ஒண்ணு கசிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு கம்பிக்கு இவ்ளோ ஆராய்ச்சியான்னு அப்புறம் கேட்க மாட்டீங்க.

பல்பு வாங்கின கதை

சரி, நம்ம கதைக்கு வருவோம். பிளான் சிம்பிள். 3 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடுகள். பாதிக்கு ஒற்றை 2.4 கம்பி, பாதிக்கு ரெண்டு 1.6 முறுக்கு. ரெண்டுமே 308 எல் ரகம். அண்ணாவே வெல்டு போட்டுக் கொடுக்கறேன்னார். நாங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கம்பி முறுக்கித் தரணும். ஆஹா, பெரிய வேலையா அது!

முறுக்கினோம், வெல்டு ஆச்சு. பார்க்கப் பளபளன்னு இருந்துச்சு. காலேஜ் லேப்ல பெனட்ரன்ட் டெஸ்ட் போட்டோம். வெல்டு மேல சிவப்புச் சாயம் அடிச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைச்சுட்டு, வெள்ளை மருந்து அடிக்கணும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குள்ள போன சாயம் வெள்ளை மேல சிவப்பாக் கசிஞ்சு வெளியே வந்து காட்டிக் கொடுக்கும். ஒற்றைக் கம்பி போட்ட தகடெல்லாம் சுத்தம். முறுக்குக் கம்பி போட்டதெல்லாம் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளி!

ரெவ்யூவுக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. 'அப்பவே சொன்னேன், ரெடிமேடுதான் பெஸ்ட்டு'ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். பர்ஸ்ல அந்தப் பணம் அப்படியே இருந்துச்சு. சத்தியமா சொல்றேன், கை அரிச்சுது.

தகட்டைத் தூக்கிட்டு அண்ணாகிட்ட ஓடினோம். அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. எங்க கையைப் பார்த்தார்.

"இந்தக் கையோடதான் முறுக்குனீங்களா?"

வைஸ்ல இருந்த கிரீஸ், டிரில் வாய்ல இருந்த எண்ணெய், எங்க பத்து விரல்... எல்லாம் கம்பியில. ஒற்றைக் கம்பின்னா ஒரு துணியால துடைச்சா போயிடும். முறுக்கின பிறகு இடுக்குக்குள்ள போன அழுக்கை எந்தத் துணியும் எடுக்காது. ஆர்க்குல அது புகையாகி, வெளியே வர வழியில்லாம உள்ளேயே ஓட்டையா நின்னுடுது. "நான் முறுக்குறதுக்கு முன்னாடி தனித்தனியாத் துடைப்பேனே, பார்க்கலியா?"ன்னார். பார்க்கலை. டிரில் சுத்துன ஸ்டைலைத்தான் பார்த்தோம்.

மறுபடி கணக்கு. ஒரே அளவு உலோகத்தை ஒரே கம்பியா வைக்காம இழை இழையாப் பிரிச்சா, மேற்பரப்பு இழை எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்குப் பெருகும். ரெண்டு இழைக்கு 1.41 மடங்கு. ஏழு இழைக்கு 2.65 மடங்கு. அழுக்கு உட்கார அவ்வளவு கூடுதல் இடம்! வேகமா உருகிறது, ஆர்க் சுத்துறதுன்னு கேபிள் தர்ற லாபம் எல்லாத்துக்கும் இதுதான் விலை. அதனால இழையை முதல்லயே சுத்தம் பண்ணி, முறுக்கை இறுக்கமாப் போட்டு, ஈரம் படாம வைக்கணும். முறுக்கு தளர்ந்தா கம்பி வழியிலேயே பிரிஞ்சு மெஷின்ல சிக்கிக்கும்.

ரெண்டாவது தடவை ஒவ்வொரு கம்பியையும் அசிட்டோன்ல துடைச்சோம். வைஸ் வாயையும் டிரில் வாயையும் துடைச்சோம். சுத்தமான கையுறை போட்டு முறுக்கினோம். அம்மை போன இடம் தெரியலை. ஒரே ஒரு தகட்டு ஓரத்துல மட்டும் ஒரு புள்ளி.

அண்ணா சொல்லிக் கொடுத்த இன்னொரு பாடம்: காசு மிச்சம்னு எவர்சில்வர் கம்பியோட சாதா இரும்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கவே கூடாது. "நாலு மாசத்துல துரு புடிச்சுத் திரும்பி வரும் தம்பி." காரணத்தை நாங்க கண்டுபிடிச்சோம். 308 எல் கம்பியில குரோமியம் ஏறத்தாழ 20 சதவிகிதம். பாதிக்குப் பாதி இரும்பு சேர்ந்தா கம்பியோட கணக்கு 10-க்கு இறங்கிடும். எவர்சில்வர்னு பேர் வாங்கவே குறைஞ்சது 10.5 வேணும்! ஆனா, இதே கலப்பைத் தெரிஞ்சே பண்ணினா அது ஆராய்ச்சி. அஞ்சு உலோகம் கலந்த, ஒற்றைக் கம்பியா இழுக்கக் கஷ்டமான உலோகக் கலவைகளை, வேற வேற இழைகளை ஒண்ணா முறுக்கி, ஆர்க்குல உருக்கிக் கலந்து அடுக்கடுக்கா உருவாக்கிப் பார்த்திருக்காங்க.

மார்க் என்னாச்சு?

ரெவ்யூ அன்னிக்கு எங்க மேசையில ரெண்டு தகடு. ஒண்ணு அம்மை, ஒண்ணு சுத்தம். பக்கத்து மேசையில பளபளன்னு லைட் எரியுற, தானா ஓடுற மாடல். எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். எங்களைப் பார்த்து எக்ஸ்டர்னல், 'ஏன் இது ஃபெயில் ஆச்சு?'ன்னார். இருபது நிமிஷம் நாலு பேரும் மாத்தி மாத்திப் பேசினோம். அதுல எங்களைத் திட்டின அந்த மூணு பேரும் அடக்கம்.

கிளைமாக்ஸ்ல நாங்க ஜெயிச்சோம்னு எழுதினா சினிமாவா இருக்கும். உண்மை என்னன்னா, அந்த மாடலுக்கு எங்களைவிட ஆறு மார்க் கூட. வயித்தெரிச்சல் இன்னும் போகலை! ஆனா, அடுத்த வாரம் அந்த டீம்ல ஒருத்தன் என்கிட்ட வந்து, 'மச்சி, எங்க மாடல்ல ஒரு ஒயர் கழண்டுடுச்சு, எங்கே மாட்டறதுன்னு தெரியலை'ன்னான். சிரிக்கலைங்க. நானும் அந்த இடத்துல நின்னிருக்க வேண்டியவன்தான்.

ரிப்போர்ட்டோட நன்றிப் பக்கத்துல 'அஸ்தம்பட்டி வெல்டிங் பட்டறை அண்ணாவுக்கு'ன்னு போட்டோம். காப்பியைக் கொண்டு போய்க் கொடுத்தா, நன்றிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரா அம்மைத் தகடு படத்துக்குப் போயிட்டார். "இதைக் கிழிச்சுத் தர்றீங்களா? புதுசா வர்ற பசங்களுக்குக் காட்டணும்."

கிழிச்சுக் கொடுத்துட்டோம். பட்டறைச் சுவத்துல ஒட்டியிருக்கார்.

இந்த வார வேலை இதுதான்: உங்க தெருவுல இருக்கிற பட்டறையில போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. (கருப்புக் கண்ணாடி இல்லாம ஆர்க்கைப் பார்க்காதீங்க. ராத்திரி கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்!) அவங்க கை செய்யறதுல எதுக்கு உங்க புத்தகத்துல கணக்கு இருக்குன்னு தேடுங்க. கிடைச்சா எனக்கு எழுதுங்க.

அப்புறம், பர்ஸ்ல இருந்த அந்தப் பணம்? நாலு பேரும் அண்ணாவும் சேர்ந்து தட்டுவடை செட்டும் முறுக்கு செட்டும் சாப்பிட்டே காலி!