மாத்திரை போதாது, கண்ணையும் பாருங்கள்

குமரி மாவட்டத்தின் தக்கலை, பத்மநாபபுரம், திருவட்டாறு வட்டாரத்தில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம், கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ‘கண்ணு நல்லாத்தானே தெரியுது’ என்பார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் புடைத்துக் கசியத் தொடங்கிய பிறகும் பார்வை மங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை வலி இல்லை, உறுத்தல் இல்லை. மங்கிய பின் ஓடினால், போனதில் பெரும்பகுதி திரும்பாது.

அந்த ஆண்டுகளிலேயே நோயைப் பிடிக்க வழி இருக்கிறது. விழித்திரையைக் கேமராவில் படமெடுத்தால், குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகளாகப் புடைப்புகள் தெரிந்துவிடும். ரத்தநாளத்தில் சாயம் ஏற்றி ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் முறை 1961 முதல் இருக்கிறது. 1991இல் வந்த ஓ.சி.டி. ஊசி இல்லாமலே, ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும். நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தால் அதில் தெரியும். ஆனால் முதல் சோதனைக்கு இவ்வளவும் வேண்டாம். செல்பேசியோடு இணைத்த கேமராவும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் போதும். படத்தைப் பார்த்துச் சொல்லக் கண் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் படங்களையும் சேர்த்துப் பழக்கிய கூகுளின் கணினி நிரல், மருத்துவர்களுக்கு நிகராக நோயை இனங்காண்கிறது என்று 2016லேயே ஆய்வு வந்துவிட்டது.

இங்கிலாந்து 2003இல் சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் ஆண்டுக்கொரு முறை கண் படமெடுக்க அழைக்கத் தொடங்கியது. 2009–10இல், குறைந்தது அரை நூற்றாண்டில் முதன்முறையாக, உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக் காரணங்களில் இந்த விழித்திரை நோய் முதலிடத்திலிருந்து இறங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம். அங்கே குடும்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் விழித்திரையைப் படமெடுக்கும் ‘நயனாமிர்தம்’ திட்டத்தைக் கேரள அரசு 2018இல் தொடங்கியது. 1956 வரை இரு பக்கமும் ஒரே ஆட்சியில் இருந்த மண். நம் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாடு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகச் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மாத்திரை தரும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கண் படம் எடுக்க ஏற்பாடு இல்லாதவரை அரசின் கடமை பாதிதான் நிறைவேறியிருக்கிறது. சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கில் சீட்டு எழுதிக்கொடுத்து, ஒருமுறைகூடக் கண்ணைப் பார்க்கச் சொல்லாத தனியார் மருத்துவர் தொழில் தர்மத்தை மீறுகிறார். தடுக்கத் தெரிந்திருந்தும் தடுக்காமல் விட்டுவிட்டு, வந்த குருட்டை விதி என்று சொல்வது பாவம்.

விடிவதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற தொழிலாளிக்குக் கண்தான் பிழைப்பு. ஒருநாள் கூலியை இழந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வா என்று சொன்னால், நன்றாகத் தெரிகிற கண்ணுக்காக அவர் வரமாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கேமராதான் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

படமெடுத்துப் பெயரை எழுதிவைப்பதோடு நிறுத்தினால் அதுவும் துரோகமே. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு லேசர் சிகிச்சைக்கும் கண்ணில் போடும் ஊசிக்கும் வழி காட்டாமல் அனுப்புவது, சொல்லாமல் விடுவதைவிடக் கொடுமை. பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையில் தொடங்கி இந்த மாவட்டம் முழுவதும் எத்தனை பேருக்குப் படம் எடுக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, எத்தனை பேர் அதைப் பெற்றார்கள் என்ற கணக்கை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். விடுபட்டவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல ஓர் அதிகாரியையும் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.