தோட்டா–துப்பாக்கிப் பொருத்தம்

தோட்டா–துப்பாக்கிப் பொருத்தம் என்பது ஒரு துப்பாக்கியில் அதன் அறைக்கென வடிவமைக்கப்பட்ட தோட்டாவை மட்டுமே பயன்படுத்தும் பாதுகாப்பு விதியாகும். கேலிபர் என்பது குழலின் உள்விட்டத்தை அல்லது குண்டின் விட்டத்தை ஏறத்தாழக் குறிக்கும் அளவு. ஆனால் கேலிபர் ஒத்திருப்பது மட்டும் போதாது. உறையின் நீளம், வடிவம், வெடிக்கும்போது எழும் அழுத்தம் ஆகியனவும் ஒத்திருத்தல் வேண்டும்.

பெயரும் அளவும்

.38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஆகிய இரண்டின் குண்டுகளும் ஏறத்தாழ 0.357 அங்குல விட்டமுடையவை. .357 சுழல் துப்பாக்கியில் .38 தோட்டாவைச் சுடலாம். மேக்னத்தின் உறை நீளமானது. அதன் அழுத்தமும் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே மறுதலையாகச் செய்தல் ஆபத்தானது.

சிதறுகுண்டுத் துப்பாக்கிகளில் எண் கூடினால் குழல் குறுகும். 12 என்னும் எண், குழலின் உள்விட்ட அளவுள்ள ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதைக் குறிக்கும். 20 எண் தோட்டா 12 எண் குழலுக்குள் நழுவிச் சென்று சிக்கிக்கொள்ளும். அதனை அறியாமல் பின்னால் 12 எண் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதனைத் தவிர்க்கவே அமெரிக்காவில் 20 எண் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் தயாரிக்கப்படுகின்றன.

.300 பிளாக்அவுட்

2011இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் தோட்டா, .223 ரெமிங்டன் தோட்டாவின் உறையை அடிப்படையாகக் கொண்டது. ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றி இதனைப் பயன்படுத்தலாம், மேகசின் அதுவே. இந்த வசதியே இடருக்கும் காரணமாகும். 7.8 மி.மீ. விட்டமுள்ள இதன் குண்டு சில வேளைகளில் .223 அறைக்குள் நுழைந்துவிடும். சுட்டால் 5.7 மி.மீ. குழலுக்குள் அக்குண்டு செல்ல இயலாது. அழுத்தம் எல்லை மீறித் துப்பாக்கி சிதறும், சுடுபவர் கடுங்காயமுறலாம்.

தரநிலைகள்

1914இல் தோன்றிய பன்னாட்டு நிலையான ஆணையத்தின் உறுப்பு நாடுகளில் ஒவ்வொரு துப்பாக்கியும் விற்பனைக்கு முன் சோதிக்கப்படுதல் கட்டாயம். அமெரிக்காவில் 1926இல் தொடங்கப்பட்ட உற்பத்தியாளர் கழகத்தின் தரநிலைகள் தன்விருப்பின்பாற்பட்டவை. அக்கழகம் பாதுகாப்பற்ற சேர்க்கைகளின் பட்டியலையும் வெளியிடுகிறது. .223 துப்பாக்கியில் 5.56 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுடுவதும் அதில் அடங்கும்.

மதிப்பீடு

சோதனை முத்திரை, துப்பாக்கி தனக்குரிய தோட்டாவைத் தாங்கும் என்பதற்கே சான்று. வேற்றுத் தோட்டாவை அது தடுக்காது. மஞ்சள் நிறம் படிக்காமலே எச்சரிக்கிறது. .300 பிளாக்அவுட்டுக்கு அத்தகைய கட்டாய நிற அடையாளம் இல்லை. ஆகவே குழலில் பொறித்த பெயரையும் தோட்டாவின் அடிப்பகுதியிலுள்ள பெயரையும் ஒப்பிடும் பொறுப்பு பயனரையே சார்கிறது. பொதுவான உறுப்புகளைக் கொண்ட வடிவமைப்பு செலவைக் குறைக்கிறது. ஆயின் பிழையைத் தடுக்கும் கடைசித் தடையையும் அதுவே நீக்கிவிடுகிறது.