ஒலியொப்புமை வேராகுமா? தொல் கெல்த்தியத் தந்தைச் சொல்லை முன்வைத்து

ஐரோப்பியச் சொற்களுக்குத் தமிழில் வேர் காணும் கட்டுரைகள் பல, ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்கின்றன. இம்முறை எத்துணைப் பிழையானது என்பதற்குத் தொல் கெல்த்திய மொழியில் தந்தையைக் குறித்த சொல்லின் வரலாறே சான்றாகும்.

பழைய ஐரிய மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல் 'அதிர்'. இன்றைய ஐரியமும் இசுக்காத்திய கேலிக்கும் அதன் வழிச்சொற்களையே வழங்குகின்றன. பத்திப் பனுவல்களில் பயிலும் 'அத்தன்' என்பதோடு இதனை இணைத்தல் ஒலியொப்புமையாளர்க்கு எளிது. ஆயின், 'அதிர்' என்பதன் தொல் கெல்த்திய வடிவம் 'ஃபதீர்' என மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. இலத்தீன் 'பதெர்', சமற்கிருதப் 'பித்ரு' ஆகியவற்றிற்கு இனமான இச்சொல்லின் முதற் பகரம், தொல் கெல்த்தியத்தில் இதழுரசொலியாக நலிந்து, பின்னர் முற்றும் மறைந்தது.

இஃது ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்த மாற்றமன்று. மீனைக் குறிக்கும் இலத்தீன் 'பிஸ்கிஸ்' என்பதற்கு இனமாகப் பழைய ஐரியத்தில் 'ஈயஸ்க்' என்பதும், நிறைந்தது எனப் பொருள்படும் 'ப்ளேனுஸ்' என்பதற்கு இனமாக 'லான்' என்பதும் அமைகின்றன. மூன்றிலும் பகரம் இல்லை. விதி ஒன்றே.

இத்தகைய விதி தமிழறிஞர்க்குப் புதியதன்று. பால் - ஹாலு, பல் - ஹல்லு, பத்து - ஹத்து எனத் தமிழ்ப் பகரத்திற்குக் கன்னடத்தில் ஹகரம் நிற்பதை அனைவரும் ஏற்பர். கன்னடத்திற்கு விதி கேட்போர் கெல்த்தியத்திற்கு மட்டும் செவியொலி போதும் என்பது எவ்வகை நேர்மை?

வேல்சு மொழியில் தந்தை 'தாத்' எனப்படுதலைக் காட்டித் தமிழ்த் 'தாதை'யை இணைப்பாரும் உளராகலாம். அங்குப் பழஞ்சொல் வழக்கொழிய, அதனிடத்தைப் பிடித்த மழலைச் சொல்லே அது. குழந்தைக்கு எளிதில் வரும் ஒலிகளால் அமைந்த இத்தகைய பெற்றோர்ப் பெயர்கள் உறவற்ற மொழிகளிலும் ஒத்திருத்தலை உரோமன் யாக்கோப்சன் 1960இல் விளக்கினார். கோத்திக்கு மொழியில் தந்தை 'அத்தா', துருக்கியத்தில் 'அதா'. இவற்றால் அம்மொழிகள் தமிழின் கிளைகளாகிவிடா.

1816இல் எல்லிசும், 1856இல் கால்டுவெல்லும் தென்மொழிகள் சமற்கிருதத்தினின்று பிறந்தன அல்ல என நிறுவியது மேலோட்டமான ஒலியொப்புமையால் அன்று. அடிச்சொற்களையும் இலக்கணக் கூறுகளையும் முறைப்பட ஒப்பிட்டதனாலேயே. ஒலியொப்புமையே போதுமெனின், தமிழ்ச் சொற்களை வடமொழிக்கு உரிமையாக்க விழைவார்க்கும் அதே உரிமை கிட்டும். ஒப்பியலின் அளவுகோலை முறிப்போர், தமிழின் தனித்தன்மையை நிறுவிய சான்றையும் உடன் முறிக்கின்றனர்.