பழைய மதகுகளைப் பார்க்க வாருங்கள்: மல்லசமுத்திரம் வட்டார மகாஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

மல்லசமுத்திரத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வசிக்கும் மகாஜனங்களுக்கு, இதே மண்ணில் பயிர் செய்தும் தறி ஓட்டியும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லியும் ஜீவனம் நடத்துகிற நாங்கள் சிலர் கூடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

வரும் கோடையில் நம் பக்கத்து ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் தூர் வாரும் வேலை தொடங்குவதற்கு முன்னால், மண் அள்ளும் யந்திரம் கரையேறுவதற்கு முன்னால், அங்கே புதைந்தும் சாய்ந்தும் கிடக்கிற பழைய மதகுகளையும் தூம்புகளையும் கலிங்குகளையும் நாம் நேரில் சென்று பார்த்து, அளந்து, படம் பிடித்து, எழுதி வைத்துவிட வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். தூர் வாருவதற்கு எங்களுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. வண்டல் மேவிய ஏரியை வைத்துக்கொண்டு சரித்திரம் பேசுவதில் அர்த்தமும் இல்லை. ஆனால் ஊராரே நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற பழைய முறை 2017ஆம் ஆண்டில் புதிய உத்ஸாகத்துடன் திரும்பி வந்த பிறகு, உபயோகமற்ற கல் என்று ஒருவர் கை காட்டினால் போதும், பல தலைமுறைகளுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்த தூண் ஒன்று அரை நாழிகையில் பெயர்ந்து கரைக்கு முட்டுக் கொடுக்கப் போய்விடும் என்பதுதான் எங்கள் கவலை.

பழைய தூம்பு என்பது என்ன என்று இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். கேட்கட்டும், அது சொல்லத் தகுந்த விஷயம். ஏரியின் உள்வாயில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, பலகைக் கற்களால் ஒரு தொட்டி கட்டி, அதன் மேல்மூடியாகிய கல்லில் ஒரு துளையிட்டு, துளையின் இரு பக்கமும் இரண்டு தூண்களை நிறுத்தி, அத்தூண்களைக் குறுக்குக் கற்களால் இணைத்து, குறுக்குக் கற்களின் நடுவே துளைத்த வழியில் ஒரு தண்டை இறக்கி, தண்டின் நுனியில் கூம்பு வடிவமான குமிழைப் பொருத்தினார்கள். குமிழைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக வயற்புறம் போய்ச் சேரும். மேல் துளைக்கு நீரோடி என்று பெயர். தொட்டியின் அடிமட்டத்தில் சேறோடி என்ற வேறு துளைகள் உண்டு. நீரின் ஓட்டம் வண்டலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அவற்றின் வழியே வெளியேறும். ஏரியும் மேவாமல், வயலுக்கும் உரம் சேரும்படி செய்த இந்த யுக்தியை நினைத்தால், நம்மவர்களுக்கு விஞ்ஞானம் அந்நியர் கொடுத்த தானம் என்று பேசுகிறவர்கள் மீது பரிதாபமே உண்டாகிறது. புதுக்கோட்டைச் சீமையில் இத்தகைய குமிழித் தூம்புகள் இன்றும் ஏராளம். அவற்றின் தூண்களிலேயே கட்டுவித்தவர் பெயரைச் சொல்லும் பழைய சாசனங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்தில் ஒரு குறுக்குக் கல்லைக் கண்டால் அதன் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், மடை பார்த்தவர் எந்தப் புறம் நின்று தண்டை இழுத்திருப்பார் என்று அதைக் கொண்டு ஊகிக்கலாம்.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு, நம் வட்டாரத்தைத் தொட்டுக் காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாற்றின் இன்றைய அவஸ்தையை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. நுரையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிற நமக்கு, அந்த ஆற்று நீரை ஏரிகளில் தேக்கி, ஓர் ஏரியின் மிகுதியை அடுத்ததற்குக் கலிங்கு வழியாக அனுப்பி வாழ்ந்த காலத்தின் அடையாளமாக எஞ்சியிருப்பவை அந்தப் பழைய மதகுக் கற்கள் மாத்திரமே.

தெற்கே ஜேடர்பாளையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் காவிரியின் குறுக்கே படுகை அணை கட்டி, ராஜவாய்க்காலை வெட்டிக் கொண்டுவந்ததனால் அல்லவா இன்றைக்கும் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் பசுமை குன்றாமல் நிற்கின்றன! அவருக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள், மிகவும் நியாயம். ஆனால் மகாராஜாக்களுக்குச் சிலையும், மதகு கட்டிய கொத்தருக்கும் ஒட்டருக்கும் மறதியும் என்ற பங்கீடு எங்களுக்குச் சம்மதமில்லை. அவர்களுக்குள்ள ஒரே ஞாபகச் சின்னம் அவர்கள் அடுக்கிய கல்தான்.

நாம் சேர்ந்திருந்த பழைய சேலம் ஜில்லாவின் துக்கத்தோடு சம்பந்தப்பட்ட வேறு வகை மதகுகளும் சென்னைப் பக்கம் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871க்கும் 1881க்கும் இடையே ஜனத்தொகை லட்சக்கணக்கில் குறைந்த சீமை இது. தானியம் கொண்டுவர ரயில் பாதை அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டிருந்தும் ஜனங்கள் மடிந்தார்கள் என்பதை மறக்கலாகாது. அதே பஞ்சகாலத்தில், நிவாரண வேலையாக, பட்டினியால் மெலிந்தவர்களின் கைகளைக் கொண்டே சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் எட்டுக் கிலோமீட்டர்க் கால்வாய் வெட்டப்பட்டது. 1806இல் தொடங்கிய கால்வாய் அதனால் தொடர்ச்சி பெற்று, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஈடுகொடுத்துப் படகு செல்ல வேண்டியிருந்ததால், ஜனங்கள் லாக்கு என்று வழங்கிய இரட்டைக் கதவு மதகுகளை அதில் அமைத்தார்கள்: படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, சிறு திறப்புகளின் வழியே நீரை விட்டு மட்டத்தைச் சமப்படுத்தி, பிறகு முன்கதவைத் திறப்பார்கள். பிற்காலத்தில் விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகள் நின்றுபோயின. 1960களிலும் 1970களிலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அந்தக் கைவிடப்பட்ட கால்வாயே கரையோரத்தில் அலையின் வேகத்தை ஏற்றுக்கொண்டு பல உயிர்களைக் காத்தது என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழையதை வீண் என்று தள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1946இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் தூண்டுதலால், சாதாரண ஜனங்கள் விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் கையுமாக இறங்கிப் பாழடைந்த கால்வாய்களைச் சீர்ப்படுத்தினார்கள். அவற்றுள் கென்னட் ஏவன் என்ற கால்வாய் 1990இல் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய பிரயாசையை நாங்கள் உங்களிடம் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவே. பங்குனி, சித்திரையில் நீர் வற்றும் சமயம் எங்களுடன் கரைக்கு வாருங்கள். சீமைக் கருவேல முள்ளும் பாம்பும் உள்ள இடமாதலால், குழந்தைகளைத் தனியே அனுப்பாமல் உங்களுடன் அழைத்து வாருங்கள். சேறு காயாத உள்வாயில் இறங்க வேண்டாம். மடை திறந்து மூடிய முதியவர்கள் வீட்டில் இருந்தால், எந்த மடைக்கு எந்த ஆயக்கட்டு, எந்த வரிசையில் முறைநீர் விட்டார்கள் என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஏறாத அந்த ஞானம் அவர்களுடனேயே போய்விடும். தூர் வாரும் குத்தகைதாரரிடமும் நீர்வளத் துறைப் பொறியாளரிடமும், பழைய கற்களை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும்படி கிராம சபையின் மூலமாகவே கேட்போம். எழுத்துள்ள கல்லைக் கண்டால் சுண்ணாம்பு பூசாமல், மஞ்சள் குங்குமம் இடாமல், ஆணியால் கீறிப் பார்க்காமல், சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ உடனே தெரிவியுங்கள். வீட்டு வாசற்படிக்கு மட்டுமல்ல, கோயில் படிக்கட்டுக்கென்றும் ஒரு கல்லைக்கூட எடுத்துப் போகாதீர்கள் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.