ரேடார் அறைக்குள் நம் பிள்ளைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் விமானப்படை என்றால் விமானிதான் நினைவுக்கு வருகிறார். எதிரி விமானத்தை ரேடார் திரையில் கண்டு, நமது போர் விமானத்தை அதன்மேல் ஏவுகிற அதிகாரி தரையில் அமர்ந்திருப்பவர் என்பது பலருக்குத் தெரியாது. 1984 முதல் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம் திருவனந்தபுரத்தில், ஒரு பஸ் தூரத்தில் இருந்தும் இந்த நிலை!

இப்பணியும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவை. 60 சதவீத மதிப்பெண் பெற்ற பட்டதாரிகள், பெண்கள் உள்பட, 'ஏஎப்கேட்' தேர்வு எழுதலாம். அது ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விமானங்களுடன் பேசும் மொழி ஆங்கிலம். அதிகாரிக்கு அது வேண்டியதுதான்.

ஆனால் பிளஸ் டூ மாணவர்களுக்கான 'அக்னிவீர் வாயு' தேர்விலும் ஆங்கிலம், இந்தி என இரண்டே மொழிகள். நான்காண்டு முடிவில் நால்வரில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பணி என்கிற வேலைக்கே இத்தனை கெடுபிடி! துணை ராணுவக் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாமே? ஆங்கிலத் தாள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கணிதம், இயற்பியல் வினாக்களைத் தமிழிலும் தர மத்திய அரசு ஆவன செய்ய வேண்டும். அதுவரை நம் ஊர் நூலகங்கள் ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடத்தலாம்.