"சும்மா கடையில இருந்தேன்" என்று சொல்லாதீர்கள்!

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள் தேர்வுக் குழுவில் உட்காரும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நம்மவர்தான். அண்மையில் சந்தித்தபோது மனம் வெதும்பிப் பேசினார்.

விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் ஒரு முஸ்லிம் இளைஞர். பி.காம். முதல் வகுப்பு. படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. "இந்த மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?" என்று குழுத் தலைவர் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல சார், சும்மா கடையில இருந்தேன்" என்றான். தலைவர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மதியம் வெளியே டீக்கடையில் அதே பையனை நண்பர் பார்த்திருக்கிறார். பேச்சுக் கொடுத்ததில் கதை வந்தது. மதுரையில் அத்தாவுக்கு ரெடிமேட் துணி மொத்த வியாபாரம். திருப்பூர் கொள்முதல் முழுவதும் இவன் பொறுப்பு. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எந்த அளவில் எத்தனை டஜன் எடுப்பது என்று முடிவு செய்வது இவன். தேனி, கம்பம் பக்கம் பாக்கி வசூலுக்குப் போவதும் இவன். ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டரிடம் கொண்டு போய்க் கொடுப்பதும் இவனே.

"இதையெல்லாம் உள்ளே ஏம்ப்பா சொல்லல?"

"அது நம்ம கடைதானே பாய். அத வேலைன்னு எப்படிச் சொல்றது?"

சகோதரர்களே! அந்த நிறுவனம் தேடியது இவனைத்தான். கொள்முதல் தெரிந்தவன், வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்தவன், கடன் வசூலிக்கத் தெரிந்தவன். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தவன் மூன்று வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்த ஒரு பட்டதாரி! தன்னைத் தானே அப்படி ஆக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

இப்படி ஒரு பையன் தோற்றுத் திரும்பினால் நம் தெருவில் என்ன பேசுகிறோம்? "நம்ம பேரைப் பார்த்தாலே தர மாட்டான்" என்கிறோம். அது வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்ட விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயர் கொண்டதற்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அநீதி உண்மை. அதைப் பேச வேண்டிய இடத்தில் உரக்கப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வு அளந்தது விண்ணப்பம் போகும் வாசலை. உங்கள் கையில் நேர்முக அழைப்பு இருக்கிறது என்றால் உங்கள் பெயரைப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் எல்லாருமே நல்லவர்கள் என்று உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த இருபது நிமிடமும் உங்களுடையது. அதில் பாதியை மனத்தாங்கலுக்கும், மீதியைக் கூச்சத்துக்கும் கொடுத்துவிட்டு வந்தால் யாரைக் குறை சொல்வது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையை நாம் மேடைதோறும் படிக்கிறோம். ஐ.ஏ.எஸ்.ஸில் முஸ்லிம்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம் என்ற வரிகள் நமக்கு மனப்பாடம். அதே அறிக்கையில் உள்ள இன்னொரு செய்தியை யாரும் படிப்பதில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் குடிமைப் பணி எழுத்துத் தேர்வில் உட்கார்ந்தவர்களில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம் மட்டுமே. உட்கார்ந்தவர்களின் வெற்றி விகிதமோ ஏறத்தாழ மற்றவர்களைப் போலத்தான் இருந்தது. போனவன் ஜெயித்திருக்கிறான். போகாதவர்கள்தான் அதிகம்!

சரி, கடைக்கு வருவோம்.

நேர்முகத் தேர்வு என்பது என்ன? முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் இருக்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டு, நம்மிடம் இருப்பதை அவர் நம்பும்படி எடுத்து வைக்க வேண்டும். பொய் சொன்னால் மறுபடி வர மாட்டார். இதைத்தானே பத்து வயதிலிருந்து கல்லாவின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? வேறு வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்வதை உங்கள் அத்தா இலவசமாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

அதைச் சொல்லும் விதம்தான் தெரியவில்லை. "கடையைப் பார்த்துக்கிட்டேன்" என்பது பதில் ஆகாது. என்ன பார்த்தீர்கள்? "மூன்று ஆண்டுகள் எங்கள் குடும்பத்தின் ஜவுளி மொத்த வியாபாரத்தில் கொள்முதலையும் வசூலையும் கவனித்தேன். நாற்பது சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு கொடுத்தோம். நான் பொறுப்பேற்றபோது தொண்ணூறு நாள் நின்ற பாக்கியை அறுபது நாளுக்குக் கொண்டு வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். "எப்படிக் கொண்டு வந்தீர்கள்?" என்று அவரே கேட்பார். அதற்கப்புறம் பேச்சு உங்கள் தெருவில் நடக்கிறது.

எண்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. இரண்டாவது கேள்வியிலேயே பொய் அவிழ்ந்துவிடும். அதனால் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி கடைப் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எத்தனை வாடிக்கையாளர்கள், எவ்வளவு சரக்கு, எந்த மாதம் மந்தம், ஏன் மந்தம் என்று எழுதிப் பாருங்கள். நஷ்டப்பட்ட ஒரு கொள்முதலையும் எழுதுங்கள். "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்ற கேள்வி நிச்சயம் வரும். விற்காமல் தங்கிப்போன சரக்கைவிட நல்ல பதில் அதற்கு இல்லை.

வேடிக்கை ஒன்று. கடையில் ஒரு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நம் பிள்ளைகள், "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால், "நீங்க பார்த்துப் போட்டுக் குடுங்க சார்" என்கிறார்கள்! அந்த வேலைக்கு அந்த ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுப் போகக் கூடாதா? சந்தை விலை தெரியாமல் சரக்கு எடுக்கப் போவீர்களா?

அரசு வேலையை நாடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 1 பதவிகளில் வணிகவரி உதவி ஆணையர் பதவியும் ஒன்று. வரி கட்டுகிறவனின் பக்கம் நின்று பார்த்த ஒரு கடைக்காரர் மகனுக்கு அந்த மேசையில் சொல்ல எவ்வளவு இருக்கிறது! எல்லா வேலைக்கும் நேர்முகம் இருப்பதாக நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். குரூப் 4 பதவிகளுக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான். மத்திய அரசும் குரூப் சி, அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டது. "சிபாரிசு இல்லாமல் கிடைக்காது" என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களின் காதில் இதை யாராவது போடுங்கள்.

அடுத்தது நமக்கே உரிய தொல்லை, பெயர்! பள்ளிச் சான்றிதழில் 'முகமது' ஒரு 'எம்'மோடு, ஆதாரில் இரண்டு 'எம்'மோடு, பாஸ்போர்ட்டில் 'ஓ'வுக்குப் பதில் 'யூ'. பட்டத்தில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் பின்னால். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் நம் பிள்ளைகள் வியர்த்துப்போய் நிற்பது இதனால்தான். அழைப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது. தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கி வையுங்கள். சாதிச் சான்றிதழும் அப்படியே. 2007இல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்காகச் சமுதாயம் எத்தனை ஆண்டுகள் குரல் கொடுத்தது! கையில் சான்றிதழ் இல்லாததால் ஒருவன் அதை இழந்தால் என்ன சொல்வது?

தாடி, தொப்பி, ஹிஜாப் பற்றிக் கேட்பார்களா என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்கலாம். தாடி சுத்தமாக, சீராக இருக்கட்டும். கேட்டால் ஒரு வரியில் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அங்கே பயான் செய்யவும் வேண்டாம், குற்றவாளி போலக் குறுகவும் வேண்டாம். ஜும்ஆவுக்கு நேரம் வேண்டும் என்றால், வேலை தருவதாகச் சொன்ன பிறகு, "அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்துவிடுகிறேன்" என்று சேர்த்தே கேளுங்கள். கணக்குத் தெரிந்த முதலாளி இதை மறுப்பது அரிது. மறுத்தால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

நம் பெண் பிள்ளைகள் கதை வேறு. படிப்பில் முந்திவிட்டார்கள். அழைப்புக் கடிதமும் வருகிறது. வெளியூர் என்றதும் வீட்டில் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். நிக்காஹ் சாமான் வாங்க சென்னைக்குக் குடும்பத்தோடு போகும் வாப்பா, மகளின் நேர்முகத்துக்காக ஒரு நாள் கடையை அடைக்கக் கூடாதா?

வியாபாரப் பெருமக்களே, உங்களிடம் இரண்டு வார்த்தை. உங்கள் கடையில் நான்கு வருடம் உழைத்த பையன் வேறு வேலைக்குப் போகிறேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கடைப் பெயர் அச்சிட்ட தாளில், என்ன பொறுப்பில் எத்தனை ஆண்டுகள் இருந்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுங்கள். மகனாக இருந்தாலும் சம்பளம் என்று ஒரு தொகையை வங்கிக் கணக்கில் போடுங்கள். நாளை அவன் 'வேலை செய்தேன்' என்று காட்ட அந்தப் பாஸ்புக் பேசும்.

நம் ஊர்களில் ஜமாஅத்துக்குச் சொந்தமான மஹால்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து, ஒரு மேசை, நான்கு நாற்காலி போடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அலுவலகத்தில் இருக்கும் நம்மவர் ஒருவர், ஒரு பெரிய வியாபாரி உட்காரட்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருபது நிமிடம் கேள்வி கேட்கட்டும். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது வெளியூரில் நடப்பதைவிட நம் மஹாலில் நடந்து முடியட்டும்.

கோவை நண்பரிடம் இதைச் சொன்னேன். மதுரைக்கே வருகிறேன், பஸ் செலவு கூட வேண்டாம் என்றார். மஹால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.